மது மீட்சியும் இணையத் துணையும்
மது ஹராம் என்றறிந்த நம்மவர் அதற்கு அடிமையாகிவிட்டால், வெட்கத்தால் எவரிடமும் வாய் திறப்பதில்லை. துவாக்குடித் தொழிற்பேட்டைப் பகுதியிலும் இதனை நாம் காண்கிறோம். அத்தகையோருக்கு இணையவழித் தன்னுதவித் திட்டங்கள் துணையாகும். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் 2020 ஊரடங்கின்போது பெருமளவில் இணையத்துக்கு வந்தன. அங்கு ஊரும் குடும்பமும் வெளிப்படாமல் மனந்திறக்கலாம்.

எனினும், நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் நாடவேண்டியது மருத்துவரையே. திருமறையும் (2:219, 4:43, 5:90) மனங்களைப் பக்குவப்படுத்தியே மதுவை விலக்கியது. தௌபாவின் உறுதியோடு சிகிச்சையும் சேரட்டும். அரசின் ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். மறைப்பதற்கு வெட்கம் காரணமாகலாம். மீளாதிருப்பதற்கு அது காரணமாகலாகாது.