“உங்க லெவல் என்ன?” டென்னிஸ் திடலில் எதிராளி கேட்கும் முதல் கேள்வி

என் உறவுக்காரத் தம்பி ஒருவர் ஐந்து மாதங்களுக்கு முன்புதான் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார். அதற்குள் நண்பர்களின் வற்புறுத்தலால் ஒரு சிறிய லீக்கில் பெயர் கொடுத்துவிட்டார். முதல் ஆட்டத்துக்குப் போய்த் திரும்பியவர் முகம் வாடியிருந்தது.

“அண்ணே, அவர் வந்ததுமே ‘நீங்க எத்தனை?’ன்னு கேட்டார். மட்டையோட கைப்பிடி அளவைக் கேக்கிறார்னு நினைச்சு ‘மூணு’ன்னு சொல்லிட்டேன்.”

கைப்பிடி அளவு மூன்று என்பது உண்மைதான். ஆனால் எதிராளி கேட்டது 3.0 தரநிலையா என்று. ‘மூன்று’ என்று கேட்டதும் அவர் முழு வேகத்தில் ஆடினார். 6-0, 6-0. நாற்பது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. மீதி நேரத்துக்குத் திடல் வாடகை வீண்.

சிங்கப்பூரில் வார இறுதியில் டென்னிஸ் ஆடுபவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வாட்ஸ்அப் குழுக்களில் “சனி காலை 8, இரட்டையர், 3.5, ஒருவர் தேவை” என்றுதான் செய்தியே வரும். பெயரைக் கேட்கும் முன்பே எண்ணைக் கேட்பவர்களும் உண்டு. பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு எல்பி, எம்பி, எச்பி என்ற எழுத்துகள் எப்படியோ, டென்னிசுக்கு இந்த எண் அப்படி.

இந்த எண் எங்கிருந்து வந்தது?

இங்கு பேச்சுவழக்கில் இருக்கும் 3.0, 3.5, 4.0 எல்லாம் அமெரிக்க டென்னிஸ் சங்கம் தன் லீக் ஆட்டங்களுக்குப் பயன்படுத்தும் ‘என்டிஆர்பி’ என்ற அளவுகோலிலிருந்து வந்தவை. 1.0-இல் தொடங்கி 7.0 வரை அரை அரையாக ஏறும். 1.0 என்றால் இப்போதுதான் மட்டையைப் பிடித்தவர். 7.0 உலகத்தர ஆட்டக்காரர். நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் 2.5-க்கும் 4.0-க்கும் இடையில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

2.5 என்றால் பந்து எங்கே வந்து விழும் என்று கணிக்கக் கற்றுக்கொண்டிருப்பவர். தன்னைப் போன்ற ஒருவருடன் மெதுவான வேகத்தில் சில முறை பந்தை அங்குமிங்கும் தட்ட முடியும். 3.0-க்கு வந்தவர் நடுத்தர வேகப் பந்துகளை ஓரளவு தவறாமல் திருப்பி அடிப்பார். ஆனால் நினைத்த இடத்தில் போடுவதும் ஆழமாக அடிப்பதும் இன்னும் கைவராது. 3.5-இல் திசை வசப்படத் தொடங்கும், வலையருகே போகத் துணிவு வரும். 4.0-இல் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டிலும் ஆழமும் திசையும் இருக்கும். இரட்டையர் ஆட்டத்தில் இருவரும் சேர்ந்து நகர்வதைப் பார்த்தே அவர்களை அடையாளம் காணலாம். அவர்கள் புள்ளியை இழப்பது பெரும்பாலும் பொறுமை இழப்பதால்தான்.

அமெரிக்காவில் புதிதாக லீக்கில் சேர்பவர் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பித் தம் தரத்தைத் தாமே போட்டுக்கொள்வார். அதன் பிறகு ஆட்ட முடிவுகளை வைத்து கணினி கணக்கிடும். உள்ளே அது நூறில் ஒரு பங்குவரை துல்லியமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டக்காரருக்குத் தெரிவது ஆண்டிறுதியில் வரும் அரை அரையான எண் மட்டுமே. தாமே குறைத்துப் போட்டுக்கொண்டு வந்தவரின் ஆட்டம் வரம்பை மூன்று முறை தாண்டிவிட்டால் தகுதி நீக்கம்.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் 3.01-உம் 3.5தான், 3.50-உம் 3.5தான். இரண்டு முனையில் இருப்பவர்கள் மோதினால் 6-0 என்று முடிந்தாலும் வியப்பில்லை. “நானும் 3.5, அவரும் 3.5, பிறகு எப்படி இப்படித் தோற்றேன்?” என்று வருந்துபவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கணினியும் இல்லை, தகுதி நீக்கமும் இல்லை. அவரவர் வாயால் சொல்வதுதான் தரநிலை.

வேறு இரண்டு எண்களும் காதில் விழும். ஒன்று ‘யூடிஆர்’. 1-லிருந்து 16.5 வரை. ஆண், பெண், வயது வேறுபாடின்றி ஒரே அளவுகோல். கடைசி 12 மாதங்களில் ஆடிய 30 ஆட்டங்கள்வரை எடுத்துக்கொண்டு, வெற்றி தோல்வியை மட்டும் பார்க்காமல் எத்தனை கேம் எடுத்தீர்கள் என்பதையும் பார்க்கும். பலசாலியிடம் 4-6, 4-6 என்று தோற்றுக்கூட உங்கள் எண் ஏறலாம். மற்றொன்று அனைத்துலக டென்னிஸ் சம்மேளனத்தின் ‘உலக டென்னிஸ் எண்’. இது தலைகீழ். 40 தொடக்கநிலை, 1 உச்சம். ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் தனித்தனி எண். ஆகவே ஒருவர் “நான் 30” என்று சொன்னால் மிரள வேண்டாம்.

ஏன் இவ்வளவு அக்கறை?

“விளையாட்டுதானே, எண்ணில் என்ன இருக்கிறது?” என்று என் மனைவி கேட்பதுண்டு. டென்னிஸில் புள்ளி எண்ணும் முறைதான் காரணம். இரு ஆட்டக்காரர்களில் ஒருவர் 100 புள்ளிகளில் 55-ஐ வெல்லக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். சிறிய வித்தியாசம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் 100 கேம்களில் ஏறத்தாழ 62-ஐ வெல்வார். செட் என்று பார்த்தால் 100-க்கு 80-க்கும் மேல். மூன்று செட் ஆட்டங்கள் என்றால் 100-க்கு 91 அவருக்கே. ஒவ்வொரு படியிலும் வித்தியாசம் பெருகுகிறது.

கோல்ஃபில் ‘ஹேண்டிகேப்’ உண்டு. திறன் குறைந்தவருக்குச் சில அடிகள் விட்டுக்கொடுக்கப்படும், இருவரும் சேர்ந்து ஆட முடியும். டென்னிஸில் தரநிலை எதையும் விட்டுக்கொடுக்காது. யாருடன் யார் ஆடலாம் என்று பிரிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். அந்தப் பிரிப்பு தவறினால் இருவருக்குமே அந்தக் காலைப்பொழுது வீண். செயலியில் திடல் கிடைப்பதற்கே எவ்வளவு பாடுபடுகிறோம் என்பது ஆடுபவர்களுக்குத் தெரியும்.

அதனால் ஆட்டத்துக்கு முன் கேட்பவர்களை நான் குறை சொல்வதில்லை. பாதிப்பேர் பதற்றத்தில் கேட்கிறார்கள். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மின்னல் எச்சரிக்கை ஒலித்து எல்லாரும் கூரைக்கடியில் ஒதுங்கும்போது கவனியுங்கள், அரை மணி நேரம் இதே பேச்சுதான் ஓடும்.

ஆட்டம் முடிந்தபின் வரும் கேள்வி வேறு ரகம். தோற்றவர் கைகுலுக்கிக்கொண்டே “நீங்கள் உண்மையிலேயே 3.0-வா?” என்று கேட்டால் அது பாராட்டு அல்ல. தரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு எளிதாக வெல்ல வந்திருக்கிறீர்கள் என்ற சந்தேகம் அதில் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்கு ஒருமுறை நானும் இலக்கானேன். சந்தேகம் நியாயமானதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லீக்கில் 3.0 என்று பதிந்து ஒரு பருவம் ஆடினேன். அப்போது அது உண்மை. அடுத்த பருவத்துக்குள் பயிற்றுவிப்பாளரிடம் கற்று, வாரம் மூன்று நாள் ஆடி, நன்றாகவே தேறியிருந்தேன். படிவம் வந்தபோது மறுபடியும் 3.0 என்றே போட்டேன். “மேலே போனா எல்லாத்திலயும் தோப்பீங்க, இங்கேயே இருங்க” என்று குழுவில் சொன்னார்கள். எனக்கும் கோப்பை மீது ஆசை.

நான்காவது ஆட்டத்தில் எதிரே வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். ஓய்வு பெற்றபின் டென்னிஸ் கற்றுக்கொண்டவர். தண்ணீர்ப் புட்டி, துண்டு, புதுப் பந்துகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, “நானும் 3.0, நல்ல ஆட்டமாக இருக்கும்” என்று சிரித்தார். அவருடைய சர்வ் மெதுவானது. பேக்ஹேண்டுக்குப் போட்டால் திரும்பி வராது. இரண்டாவது கேமிலேயே அதைத் தெரிந்துகொண்டேன், கடைசிவரை அங்கேயே போட்டேன். 6-1, 6-0. வலையருகே வந்து, “தம்பி, உங்கள் லெவல் என்ன என்று பதிந்தீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். “3.0” என்றேன். தலையசைத்தார். துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே அவர் லீக்கிலிருந்து விலகிவிட்டதாக ஏற்பாட்டாளர் சொன்னார். காரணம் தெரியவில்லை என்றார். நான் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், இரண்டு நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. அடுத்த பருவம் 3.5-இல் ஆடி ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றேன்.

கூட்டிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், சொல்லப்போனால் அவர்களே அதிகம். அவர்களால் வரும் சேதம் குறைவு. முதல் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் கூட்டாளியின் பாடு திண்டாட்டம்.

என்ன பதில் சொல்வது?

வெறும் எண்ணைச் சொல்வதைவிட, அது எப்படி வந்த எண் என்று சொல்வது உதவும். நானே மதிப்பிட்டதா, பயிற்றுவிப்பாளர் சொன்னதா, ஆட்ட முடிவுகளிலிருந்து வந்ததா? ஒற்றையரா, இரட்டையரா? கடைசியாக எப்போது ஆடினீர்கள்? ஆறு மாதம் முழங்கால் வலியில் கிடந்தவரின் 4.0 இன்று 4.0 அல்ல. ஐயமிருந்தால் அண்மையில் ஆடிய இரண்டு ஆட்டங்களின் முடிவைச் சொல்லுங்கள், கேட்பவருக்கு அதிலேயே புரிந்துவிடும். சொல்ல விருப்பமில்லை என்றால், “முதல் முறை ஆடுகிறோம், பத்து நிமிடம் தட்டிப் பார்ப்போம்” என்று சொல்வதிலும் தவறில்லை.

பக்கம் மாறும் இடைவெளியில் கேட்பவருக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். 4-1 என்று பின்தங்கியவர் அந்த நேரத்தில் கேட்பது உங்கள் கவனத்தைக் கலைக்கத்தான். “ஆட்டம் முடிந்ததும் பேசுவோம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

நம் தம்பி சென்ற வாரம் இரண்டாவது ஆட்டத்துக்குப் போனார். கேள்வி வழக்கம்போல் வந்திருக்கிறது. “2.0, நானே போட்டுக்கிட்டது, ஆடி அஞ்சு மாசம் ஆச்சு, சர்வ் இன்னும் வரலை” என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாராம். எதிராளி சிரித்துவிட்டு, “எனக்கும் சர்வ் வராது” என்றாராம். 6-4, 3-6 என்று ஆளுக்கொரு செட் எடுத்த நிலையில் திடல் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது செட்டை வரும் ஞாயிறு ஆடுகிறார்கள்.