கோதுமை ஒவ்வாத குடல்

நோயாளிக்கு ரொட்டியும் ரஸ்கும் பார்லிக் கஞ்சியும் கொடுப்பது நம் இல்லங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். வயிறு கெட்டிருக்குங்கால் சோற்றை நிறுத்தி இவற்றைக் கொடுத்தால் குடலுக்கு ஓய்வு கிட்டும் என்பது பெரியோர் நம்பிக்கை. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கொன்றும் நேர்வதில்லை. ஆயின், ஒரு நோயில் மட்டும் இவ்வழக்கம் நேர்மாறான பயனைத் தருகிறது. எப்பொருள் குடலைப் புண்படுத்துகின்றதோ அப்பொருளே பத்திய உணவென்று மீண்டும் மீண்டும் புகட்டப்படுகிறது. குழந்தையின் கைகால்கள் மெலிகின்றன, வயிறு மட்டும் உப்புகின்றது, கழிச்சல் நிற்பதில்லை, உடன் பிறந்தோர் வளர, இக்குழந்தை மட்டும் உயரமின்றி நின்றுவிடுகிறது. சீலியாக் நோய் என்று இதற்குப் பெயர்.

கோதுமை மாவைப் பிசைந்து, அவ்வுருண்டையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால், மாவுப்பொருள் வெண்மையாகக் கரைந்து போய், ரப்பரைப்போல் இழுபடும் பசையொன்று கையில் எஞ்சும். இப்பசையே குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா வீசுவோர் மாவைத் துணிபோல் விரிப்பதும், ரொட்டி உப்பி நிற்பதும் இதனால்தான். கோதுமையேயன்றி அதன் இனமான பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இதனையொத்த புரதங்கள் உண்டு. அரிசி, கேழ்வரகு, சோளம், கம்பு, தினை, பருப்பு வகைகள் ஆகியவற்றில் இவை இல்லை.

இப்புரதத்தை எவருடைய குடலும் முற்றிலும் செரித்துவிடுவதில்லை. சில துண்டுகள் எஞ்சவே செய்யும். ஏனையோருக்கு அவை தீங்கின்றிக் கழிந்துபோகின்றன. டிகியூ2, டிகியூ8 என்று குறிக்கப்படும் மரபுக் கூறுகளுள் ஒன்றைப் பெற்றவர்களுள் சிலருக்கோ, உடலின் காப்புப் படை அத்துண்டுகளைப் பகைவரெனக் கருதிப் போர் தொடுக்கின்றது. அப்போரில் சேதமடைவது சிறுகுடலின் உட்சுவரே. அங்கு விரல்கள்போல் நெருங்கி நின்று உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, சுவர் மட்டமாகிவிடுகிறது. உண்ட உணவு உடலில் சேர்வதில்லை. இரும்புச் சத்து சேராமையால் சோகையும், சுண்ணாம்புச் சத்து சேராமையால் எலும்புத் தேய்வும் ஏற்படுகின்றன. கழிச்சலே இல்லாமல் சோகை மட்டும் தோன்றும் நோயாளிகளும் பலர். இரும்பு மாத்திரைகளை மாதக்கணக்கில் உண்டும் இரத்தம் ஊறாதவர்களிடம் இந்நோயை ஐயுறுதல் வேண்டும்.

இந்நோயின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. இலண்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சார்ந்த சாமுவேல் கீ என்னும் டாக்டர் 1887-ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவில் இதனைத் தெளிவாக விவரித்து, நோய் தீருமாயின் அது உணவு முறையினால்தான் தீரும் என்றும் கூறினார். இக்கூற்று முற்றிலும் சரி. ஆனால் அவர் விலக்கச் சொன்ன பொருள்களுள் அரிசி ஒன்று. அனுமதித்தவற்றுள் மெல்லியதாக நறுக்கி வாட்டிய ரொட்டி ஒன்று! பின்னர் 1924-இல் நியூயார்க் நகரத்து சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ உணவினால் குழந்தைகளைத் தேற்றிப் புகழ் பெற்றார். குணப்படுத்தியது வாழைப்பழமன்று, அதனோடு ரொட்டி சேராமையே என்பது அவருக்குப் புலப்படவில்லை.

உண்மையை வெளிப்படுத்தியவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கொடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைப்பது மிக அரிதாயிற்று. ஊரெல்லாம் பசியால் வாடுகையில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் நலிந்தனர். இந்நிகழ்ச்சியே டிக்கேயின் கண்ணைத் திறந்தது என்று கதைபோற் சொல்லப்படுவதுண்டு. அது முழு உண்மையன்று. போருக்கு முன்னரே அவர் கோதுமையை விலக்கிய உணவைச் சோதித்து வந்தார். 1941-இல் அதுபற்றி எழுதியும் இருந்தார். பஞ்சம் அவர் எண்ணத்தை உறுதிப்படுத்தியது. 1950-இல் தம் ஆராய்ச்சி நூலை உட்ரெக்ட் பல்கலைக் கழகத்தில் அளித்தார். குழந்தைகளின் மலத்தில் வீணாகும் கொழுப்பை அளந்து, கேடு செய்வது கோதுமையின் மாவுப்பொருளன்று, பசைப்புரதமே என அவரும் வான் டி காமர், வெய்யர்ஸ் ஆகியோரும் 1953-இல் நிலைநாட்டினர்.

இந்தியாவில், வட நாட்டுக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்படுவதை வால்யா முதலிய மருத்துவர்கள் 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிவித்தனர். கோதுமை உண்ணும் வடக்கில் இந்நோய் உண்டு, அரிசி உண்ணும் தெற்கில் இல்லை என்ற எண்ணம் அதன்பின் வேரூன்றிற்று. தென்னாட்டு மருத்துவர்கள் அவ்வாறு கருதியதற்குக் காரணமும் இருந்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் வெப்பநாட்டு ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோய் கொள்ளைநோய்போல் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாதன் ஆகியோர் அதனை விரிவாக ஆராய்ந்தனர். அந்நோயிலும் குடலுறிஞ்சிகள் தேய்வதுண்டு. ஆனால் அது போலிக் அமிலத்திற்கும் டெட்ராசைக்ளினுக்கும் கட்டுப்படுவது. எனவே, தேய்ந்த குடலைக் கண்ட தென்னாட்டு வைத்தியரின் மனம் முதலில் ஸ்ப்ரூவையே நாடியதில் வியப்பில்லை.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விஷயத்தில் தெளிவு தந்தது. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 வயதுவந்தோர் ஆராயப்பட்டனர். வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கில் 0.10 பேருக்கும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. அஃதாவது வடக்கில் ஆயிரத்துக்குப் பன்னிருவர். தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் முற்கூறிய மரபுக் கூறுகளோ வடக்கில் நூற்றுக்கு 38.1 பேரிடமும் தெற்கில் 36.4 பேரிடமும் இருந்தன. இரு திசையிலும் உடல் ஒன்றே, உணவுதான் வேறு. நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம். தெற்கில் 25 கிராம். அரிசிச் சோறு நம்மைக் காத்து நின்றது என்றே இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் காவல் இப்பொழுது தளர்ந்து வருகிறது. சர்க்கரை வியாதிக்காரர் இல்லங்களில் இராச் சோற்றின் இடத்தைச் சப்பாத்தி பிடித்துக் கொண்டது. குழந்தைகளின் சிற்றுண்டியில் பிஸ்கோத்தும் நூடுல்ஸும் புகுந்துள்ளன.

இம்மாறுதலைக் காண்பதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான நகரம் அரிது. கேழ்வரகுக் களியை முத்தே என்று உருட்டி உண்ணும் கன்னட நாட்டின் தலைநகர் அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது கோதுமை ரவையால் செய்யும் ரவை இட்டலி பிறந்ததும் அந்நகரத்தில்தான் என்பர். ஆஸ்டின் டவுனையும் ஈஜிபுரத்தையும் அடுத்துள்ள விவேக் நகரில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. அங்கு வாழும் ஒரு குடும்பத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு இந்நோய் கண்டறியப்பட்டது என வைத்துக்கொள்வோம். அவ்வில்லத்தில் மாற வேண்டுவன யாவை?

பெரிய உணவுகளில் மாற்றம் எளிது. சோறு, இட்டலி, தோசை, ஆப்பம், இடியாப்பம், பொங்கல் எல்லாம் குழந்தைக்கு உகந்தவையே. வடநாட்டுத் தாய்க்குச் சப்பாத்தியை நிறுத்துவது எத்துணைக் கடினமோ, தமிழ்த் தாய்க்கு அத்துணை எளிது. இடர் விளைவிப்பவை சிறு பொருள்களே. அவற்றுள் தலையாயது பெருங்காயம். கடைகளில் விற்கப்படும் கூட்டுப் பெருங்காயம் தூய பிசினன்று. கருவேலம் பிசினும் மாவும் கலந்து செய்வது. அம்மாவு பெரும்பாலும் கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருக்கும். சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஊறுகாயிலும் நாள்தோறும் அது சேர்கிறது. சிட்டிகைப் பெருங்காயத்தால் என்ன வரும் என்று கேட்கலாம். கோதுமை மாவில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு குளூட்டன் உள்ளது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்சென்றால் நோயாளியின் குடல் பழுதுறுவதை இத்தாலியர் நடத்திய சோதனையொன்று 2007-இல் காட்டியது. அவ்வளவு குளூட்டன் ஏறக்குறைய அரைக் கிராம் மாவில் அடங்கிவிடும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடைகளில் கிடைக்கிறது. உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குதல் வேண்டும்.

அடுத்தது மாவு மில். வீட்டில் கேழ்வரகைக் கழுவி உலர்த்தி மில்லுக்கு எடுத்துச் சென்றால், முன்னர் அரைத்தவரின் கோதுமை அக்கல்லிலேயே ஒட்டியிருக்கும். தூய தானியம் மில்லிலிருந்து மாசுற்று வீடு திரும்பும். கோதுமை அரைக்காத மில்லை நாடுவது, அல்லது வீட்டிலேயே அரைத்துக் கொள்வது நலம். கேழ்வரகை மட்டும் எக்காரணத்தாலும் கைவிடலாகாது. தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவே இருக்க, கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உள்ளது. எலும்பு தேய்ந்த குழந்தைக்கு இதனினும் மலிவான உணவு எது? குளூட்டன் அற்றது என்று பெயரிட்டு மிகுந்த விலைக்கு விற்கப்படும் பிஸ்கோத்துகள் பல, வெறும் மாவுப்பொருளும் சர்க்கரையுமே.

சத்துமாவு என்று குழந்தைகளுக்குக் கொடுப்பதில் வறுத்த கோதுமையும் பார்லியும் கலந்திருப்பது வழக்கம். மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து ஆக்கப்படுபவை. ரவா தோசை, சேமியா, கேசரி ஆகியன வெளிப்படையானவை. அச்சு முறுக்கு சிலர் வீட்டில் அரிசி மாவிலும் சிலர் வீட்டில் மைதாவிலும் செய்யப்படும், கேட்டறிந்தே உண்ணவேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த வடையும் ஆகாது. புண்பட்ட குடல் ஆறும்வரை சில குழந்தைகளுக்குப் பாலும் செரிப்பதில்லை. ஆறியபின் அது தானே சரியாகும்.

விவேக் நகர் என்றதும் குழந்தை இயேசு திருத்தலம் நினைவுக்கு வரும். வியாழக்கிழமைதோறும் பல மதத்தினரும் அங்குத் திரள்கின்றனர். நாம் கருதிய குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமாயின், இன்னும் சில ஆண்டுகளில் அக்குழந்தைக்குப் புதுநன்மை வரும். திருப்பலியில் வழங்கும் அப்பமோ கோதுமையால் ஆனது. உணவை விலக்குவதனினும் இவ்விடத்தில் தாயின் மனம் கலங்குவது இயல்பே. உரோமை இதற்கு வழி வகுத்துள்ளது. முற்றிலும் குளூட்டன் நீக்கிய அப்பம் ஏற்புடையதன்று. ஆனால் மிகக் குறைந்த அளவு குளூட்டன் உள்ள அப்பத்தைப் பயன்படுத்தலாம், அல்லது திராட்சை இரசத்தை மட்டும் உட்கொள்ளலாம் என்று 2003-ஆம் ஆண்டுக் கடிதம் தெரிவிக்கிறது. 2017-இல் அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. இரசமெனின், அப்பத் துண்டு இடப்படாத தனிக் கிண்ணத்திலிருந்து பெறவேண்டும். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். கோயில் கேசரியும் இத்தகைய சங்கடமே. அங்கே சுண்டலோ வாழைப்பழமோ பெற்றுக்கொள்ளலாம்.

இனி ஓர் எச்சரிக்கை. வயிறு உப்பினாலே கோதுமையை நிறுத்திவிடும் புதுவழக்கம் நகரங்களில் பரவியுள்ளது. இது தவறு. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிரான பொருள் இரத்தத்தில் உள்ளதா என்பது முதற் சோதனை. அந்நொதியின் பங்கு 1997-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. அடுத்து, குழாய்வழி சிறுகுடலின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் காண்பர். கோதுமை உண்டுவருங்கால் மட்டுமே இச்சோதனைகள் உண்மை காட்டும். முன்னதாக நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கி, நோய் மறைந்து நிற்கும். வாழ்நாள் முழுவதும் பத்தியம் வேண்டுமா வேண்டாவா என்பது எவருக்கும் தெரியாமற் போகும். நோய் உறுதிப்பட்ட பின்னரோ பத்தியத்திற்கு விடுமுறை இல்லை. உடல் தேறிவிட்டதென்று மீண்டும் பரோட்டா உண்ணும் இளைஞனுக்குப் பல மாதம் தொந்தரவு தெரியாதிருக்கலாம். உள்ளே குடல் தேய்ந்துகொண்டேயிருக்கும்.

ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவையே குளூட்டன் அற்றது என விற்கலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. பத்தியம் தொடங்கிய சில வாரங்களில் குழந்தைக்குப் பசி எடுக்கும். சில மாதங்களில் எடை கூடும். உயரமும் மெல்ல எட்டிப் பிடிக்கும். குடல் முற்றிலும் ஆறுவதற்கு வயதுவந்தோருக்கு ஓரிரு ஆண்டுகளும் ஆகலாம். ஆறாம் மாதத்திலும் பின்னர் ஆண்டுதோறும் இரத்தத்தைச் சோதித்தால், அறியாமல் எங்கேனும் கோதுமை உட்செல்கிறதா என்பது புலப்படும்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், அவருடைய பெற்றோர், உடன் பிறந்தோர், மக்கள் ஆகியோருள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கும் அது இருக்கிறது. எனவே அவர்கள் யாவரும் இரத்தச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். குழந்தைக்காகச் சோதனைக்குச் சென்ற தாய், பேறுகாலம் முதல் தன்னை விடாதிருந்த சோகைக்கும் அதுவே காரணம் என்று அங்கே அறிந்துகொள்வதும் உண்டு.