காலர் மைக்குக்கு வயர் போடலாமா?

இடுப்பில் செருகும் வயர்லெஸ் பெட்டி செத்துப்போனால், கூடவே காலர் மைக்கையும் சுருட்டி மேசை டிராயரில் போட்டுவிடுகிறோம். என் டிராயரில் அப்படி மூன்று கிடந்தன. மூன்றும் நல்ல மைக்குகள். ரேடியோ அலைக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அலைபரப்புவது முழுக்கப் பெட்டியின் வேலை. சட்டையில் தொங்கும் மிளகளவு சங்கதிக்குத் தெரிந்தது காற்றின் அதிர்வை மின்சாரமாக்குவது மட்டும்தான்.

பெட்டி சாகாமலே வீணாவதும் உண்டு. அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி ஏலத்தில் செல்போன் நிறுவனங்களுக்குப் போனது. 2020 ஜூலை 13-க்குப் பிறகு அந்தப் பகுதியில் வயர்லெஸ் மைக் இயங்கக் கூடாது என்று அரசு தடை விதித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளும் ஒரே நாளில் சட்ட விரோதமாயின. அவற்றோடு வந்த காலர் மைக்குகள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை!

அப்படியானால் மிக்சரில் வயர் போட்டு இணைத்துவிட வேண்டியதுதானே? ‘48 வோல்ட்’ என்று ஒரு பட்டன்கூட இருக்கிறதே? அவசரப்படாதீர்கள். முதலில் மிளகுக்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்போம்.

1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் மெல்லிய டெஃப்லான் படலத்தில் மின்னேற்றத்தை நிலையாகத் தங்கவைத்து ஒரு மைக் செய்தார்கள். காலர் மைக்குகள் பெரும்பாலும் அந்த எலெக்ட்ரெட் வம்சம்தான். படலம் அதிரும்போது பிறக்கும் சிக்னல் மிகவும் நோஞ்சான். தனியாகக் கம்பியில் பயணம் போகத் தெம்பு கிடையாது. அதைக் கைபிடித்து அழைத்துச் செல்ல மைக்குக்குள்ளேயே ஒரு குட்டி டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. பசி அதற்குத்தான். சில வோல்ட், அரை மில்லி ஆம்பியர் அளவு கரன்ட் போதும். இடுப்புப் பெட்டி ஏறக்குறைய 5 வோல்ட் ஊட்டிக்கொண்டிருந்தது.

மிக்சர் தருவது 48 வோல்ட். ஏன் இந்த எண்? 1966-இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் மைக்குகள் செய்தது. நார்வேயின் குளிர்கால இருட்டு பிரசித்தம். ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு உலகமே அந்த எண்ணுக்குப் பழகிவிட்டது.

மிக்சர் தரும் இந்த மின்சாரத்துக்கு ஃபாண்டம் பவர், அதாவது பேய் மின்சாரம் என்று பெயர். மிக்சரில் செருகும் எக்ஸ்எல்ஆர் பிளக்கில் மூன்று பின்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக ஒரே 48 வோல்ட். திரும்பி வரும் வழி முதல் பின். இரண்டு கம்பிகளுக்கும் நடுவே வித்தியாசம் பூஜ்யம். ஆகவே, மேடையில் நாம் பார்க்கும் சாதாரண டைனமிக் மைக்குக்கு இந்த மின்சாரம் வந்ததே தெரியாது. இருந்தும் இல்லாததுபோல் இருப்பதால் பேய்.

காலர் மைக்கை நேரடியாக இந்தப் பேயிடம் கொடுத்தால்? அரை மில்லி ஆம்பியர் ஓடும்போது 6.8 கிலோ ஓமில் குறைவது வெறும் 3.4 வோல்ட். மிச்சம் 44.6 வோல்ட்டும் குட்டி டிரான்சிஸ்டரின் தலையில்! பத்து வோல்ட்டைத் தாங்குவதே அதற்குப் பெரும்பாடு.

ஆக, நடுவே ஒரு அடாப்டர் வேண்டும். பெரிய ரெசிஸ்டர் ஒன்று மின்னழுத்தத்தை இறக்கும். மைக்கைக் கழற்றினால் கரன்ட் நின்று அழுத்தம் மறுபடி 48-க்கு ஏறிவிடும். அதை 5 வோல்ட் அருகில் பிடித்து நிறுத்த ஒரு ஜீனர் டயோடு. ஜீனரே கொஞ்சம் இரைச்சல் போடும் பேர்வழி. அதை அடக்க ஒரு கெப்பாசிட்டர். மைக்கின் ஒலி இன்னொரு கெப்பாசிட்டர் வழியாக இரண்டாவது பின்னுக்குப் போகும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாமே சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்கள்.

வீட்டில் செய்பவர்கள் கோட்டைவிடுவது மூன்றாவது பின்னில். அதில் ஒலி எதுவும் போவதில்லையே என்று சும்மா விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது பின்னில் உள்ள அதே மின்தடை இதிலும் இருந்தால்தான், வழியில் ஒட்டிக்கொள்ளும் கரன்ட் உறுமல் இரு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது உறுமல் காணாமல் போகும்.

சால்டரிங் பிடிக்காதவர்களுக்குக் கடையில் ரெடிமேடாகவும் உண்டு. ரோட் நிறுவனத்தின் ‘விஎக்ஸ்எல்ஆர் பிளஸ்’ அதில் ஒன்று. பிளஸ் இல்லாத அதன் தம்பி 48 வோல்ட்டைத் தடுக்கும், ஆனால் மைக்குக்குச் சோறு போடாது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஷூர் மைக்கின் நான்கு முனை பிளக், சென்ஹைசரின் மரை போட்ட 3.5 மில்லிமீட்டர் பிளக் என்று கம்பெனிக்கொரு வழக்கம் வேறு. எந்த முனை எதற்கு என்று தெரியாமல் தொடாதீர்கள்.

மேடையில் உலாவும் பேச்சாளருக்கு வயர் போட்ட காலர் மைக் சரிப்படாது, தடுக்கி விழுவார். இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு நகராத பட்டிமன்ற நடுவருக்கு வயர்லெஸ் எதற்கு? பேட்டரி தீருமோ என்ற கவலையாவது மிச்சம்.

அடாப்டரை மிக்சர் பக்கம் வைக்காதீர்கள். மைக்கின் பக்கத்திலேயே இருக்கட்டும். மெல்லிய மைக் வயர் நீண்டால் பக்கத்துச் செல்போனின் கரகரப்பைப் பிடித்துக்கொள்ளும்; எக்ஸ்எல்ஆர் கேபிள் நூறு அடி போனாலும் பாதகமில்லை. 48 வோல்ட் பட்டனை அமுக்குவதற்கு முன் வால்யூமை முழுக்க இறக்கிவிடுங்கள். ஸ்பீக்கரில் வரும் ‘டொப்’ என்ற சத்தத்துக்கு முன்வரிசைக்காரர்கள் பழக்கப்பட்டவர்கள் அல்ல.