மயங்கி விழுந்தவரைக் கவனிப்பது எப்படி?

காணிக்குத் திரும்பியதும் பற்றை வெட்டுதல், கிணறு இறைத்தல், கொட்டில் போடுதல் என எல்லா வேலையும் ஒன்றாகத் தலையில் விழும். விடிய வெறும் தேத்தண்ணியோடு வெயிலில் இறங்கியவர் மத்தியானத்துக்கு முன்னரே தலைசுற்றி விழக்கூடும்.

மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைவதால் மயக்கம் வருகிறது. வியர்த்து உடல்நீர் குறைதல், நெடுநேரம் வரிசையில் நிற்றல், சடுதியாக எழும்புதல், பயம், கடும் நோவு என்பன வழமையான காரணங்கள். பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு எழும்பும்போது தலைசுற்றலாம். நீரிழிவுக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி குறைந்தும் மயக்கம் வரும்.

விழுந்தவரைத் தூக்கி இருத்தாதீர்கள். நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். சோடா பருக்குவது நம்மிடம் உள்ள பழக்கம். நினைவு முழுதாகத் திரும்புமுன் எதைப் பருக்கினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நன்கு தெளிந்த பிறகு ஜீவனி கரைசலோ இளநீரோ கொடுக்கலாம். நீரிழிவுக்காரருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுங்கள்.

கிணற்றுக்குள் மயங்கினால் கதை வேறு. பல வருடம் பாவிக்காத கிணற்றின் அடியில் ஒட்சிசன் குறைந்திருக்கலாம், நச்சுவாயுவும் தேங்கியிருக்கலாம். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு உள்ளே நிறையும். அதற்கு மணமில்லை. மெழுகுதிரி அணையாமல் எரிந்தாலும் அந்த வாயு இல்லை என்று சொல்லமுடியாது. ஒருவர் மயங்க, அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்குவார், அவரும் விழுவார். எனவே இயந்திரம் எப்போதும் வெளியில், கிணற்றுவாய்க்குத் தள்ளியே இருக்கட்டும். இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். மயங்கினால் கயிற்றால் இழுங்கள், நீங்கள் இறங்கவேண்டாம்.

ஓரிரு நிமிடத்தில் தெளியாதவர், நெஞ்சுநோ உள்ளவர், விழுந்து தலை அடிபட்டவர், கர்ப்பிணி, முதியவர், கிணற்றுக்குள் மயங்கியவர் ஆகியோரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பற்றைக்குள் நின்றவர் என்றால் பாம்புக்கடி அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காய்ச்சல் விடுகிற நேரத்தில் வரும் மயக்கம் டெங்கு கடுமையாவதன் அறிகுறியாக இருக்கலாம். அதையும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990. கட்டணம் இல்லை.