குடும்பமாக ஓடிய ஐந்து கிலோமீட்டர்

“நாகலூர்க் காப்பித் தோட்டங்களில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஓட்டம் எதற்கு?” என்று நகைத்தார் என் தாயார். ஆயினும் நாங்கள் நால்வரும் கோவைக்குப் புறப்பட்டோம். அங்கு 2013-ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தான் ஓட்டம் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்கு நிதி திரட்டுவது. அந்நோய்க்கு என் தங்கையைப் பறிகொடுத்த எங்களுக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

இரு மாதங்கள், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஏற்காடு சாலையில் பயிற்சி செய்தோம். மலையேறிப் பழகிய கால்களுக்குச் சமதளத்தில் ஒரே சீராக ஓடுவதுதான் கடினம்! வல்லவர்கள் 21.1 கிலோமீட்டர் ஓடினர்; நாங்கள் தேர்ந்துகொண்டது 5 கிலோமீட்டர். மூத்தவன் முதல் திருப்பத்திலேயே கண்ணுக்கு மறைந்தான். இளையவளோ, மூன்றாம் கிலோமீட்டரில் காலணி கடித்ததென்று சாலையோரம் அமர்ந்து அழலானாள்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில் பந்தயத்தையும் பரிசையும் உவமை காட்டுகிறார். மகன் அதனை நினைத்தானோ, அறியேன். கூட்டத்திற்கு எதிராகத் திரும்பி வந்தான். தங்கையின் காலணிகளைக் கழற்றித் தன் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து நடந்தான். நாங்களும் நடந்தோம். முடிவிடத்தை அடைந்தபோது மற்றவர்கள் சிற்றுண்டியையே முடித்திருந்தனர்.