முகம் மாறாத மாந்தர்

திருவரங்கத்துச் சிறுவன் ஒருவன் அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து இராசகோபுரம் வரை நடந்து செல்கிறான். இக்கதையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் குறும்படமாக்குபவர் முதற்காட்சியில் மகிழ்வார். மூன்றாம் காட்சியில் திகைப்பார். சிறுவனின் மூக்கு கூர்மையாகியிருக்கும். இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்திற்கு இடம்பெயர்ந்திருக்கும். 13 நிலைக் கோபுரம் 11 நிலையாகக் குறைந்திருக்கும். ஈர வேட்டி உலர்வது இயல்பு. மச்சம் இடம்மாறுவது இயல்பன்று. காண்போர் அவனை வேறொருவன் என்றே கொள்வர். கதை அங்கேயே அறுந்துவிடும்.

இக்கருவிகளுட் பல, பொருளற்ற புள்ளிச் சிதறலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உருவத்தைத் துலக்குகின்றன. நாம் தரும் சொற்கள் அதற்குத் திசைகாட்டுமேயன்றி முகத்தை அளந்து கொடுப்பதில்லை. ‘பத்து வயதுச் சிறுவன், வட்ட முகம்’ என்னும் விவரிப்புக்குப் பொருந்தும் முகங்கள் எண்ணற்றவை. தனித்தனியே ஆக்கப்படும் காட்சிகளுள் ஒன்று மற்றொன்றை அறியாது.

சொல்லை மட்டும் நம்பினால் உருவம் நிலைக்காது என்பதைச் சிற்பிகள் நன்கறிந்திருந்தனர். எனவே அவர்கள் அளவை நம்பினர். முக நீளத்தை அடிப்படையாகக் கொண்ட ‘தாலம்’ என்னும் அளவால் உடலின் விகிதங்களை வரையறுத்தனர். திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உரியது உத்தம தச தாலம்; அதன் மொத்த உயரம் 124 அங்குலம். (இவ்வங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று, சிலையின் உயரத்தையே பகுத்துப் பெறும் கூறு.) திருமாலின் 24 வடிவங்களோ சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகியவற்றை ஏந்தும் கைகளின் வரிசையாலேயே வேறுபடுகின்றன. ஒரு பொருள் கை மாறினால் தெய்வத்தின் பெயரே மாறிவிடும். இடவலம் குழம்பும் கருவியிடம் இப்பணியை ஒப்படைக்க எந்தச் சிற்பியும் துணியார்!

அச்சிதழ்க் காலத்திலும் இத்தேவை இருந்தது. திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவின் கணேஷ், வசந்த் ஆகியோருக்கு ஓவியர் ஜெயராஜ் உருவம் தந்தார். கதைகள் பல மாறியும் வாசகர் அவ்விருவரையும் கண்டதும் அறிந்துகொண்டனர். உருவம் ஓவியரின் கையில் பதிந்திருந்தது.

கருவிக்கு அத்தகைய கைப்பழக்கம் இல்லாமையால், படைப்பாளர் அதனை வெளியிலிருந்து வழங்குகின்றனர். மாந்தரின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், சிரிப்பு, சினம் ஆகியவற்றை ஒரே படத்தாளில் அமைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் சான்றாக அளிக்கின்றனர். ஒருவரின் பல படங்களைக் கொண்டு கருவிக்குச் சிறு அளவில் மறுபயிற்சி தருவதும் உண்டு. ‘லோரா’ என்பது அத்தகையதொரு முறை. ஒரு காட்சியின் இறுதிப் படத்தை அடுத்ததன் தொடக்கமாக வைப்பதே எளிய வழி. ஆயினும், நகலிலிருந்து நகல் எடுப்பதுபோல் சிறு பிழைகள் பெருகிக்கொண்டே செல்லும். ஆதலால், சில காட்சிகளுக்கு ஒருமுறை முதற் படத்தாளுக்கே மீள்வது நல்லது.