தூக்கம் வரலையா? அஸ்வகந்தா கம்மி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இரவு 1.40. லேப்டாப்பை மூடி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மேலே ஃபேன் சுற்றுகிறது, கீழே தெருநாய் குரைக்கிறது, தலைக்குள் நாளைக் காலை 9 மணி மீட்டிங் ஓடுகிறது. கை தானாகப் போனைத் தேடுகிறது. 'தூக்கம் வர என்ன செய்யணும்' என்று ஒருமுறை டைப் செய்தால் போதும். இன்ஸ்டாவில் அஸ்வகந்தா கம்மி விளம்பரம், யூடியூபில் 'இந்தப் பொடியைப் பாலில் போட்டுக் குடிங்க' ஷார்ட்ஸ், டெலிவரி ஆப்பில் 'ஆயுர்வேதிக் ஸ்லீப்' கேப்சூல் என வரிசை கட்டும். 'இயற்கையானது, பக்க விளைவே இல்லை' என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் பொது.

சரி, ஆயுர்வேதம் உண்மையிலேயே தூக்கமின்மைக்கு என்னதான் சொல்கிறது? மூல நூல்களைப் பார்த்தால் விளம்பரங்களில் வருவதற்கும் அதற்கும் உள்ள தூரம் ஆச்சரியமாக இருக்கிறது.

முதல் காரணம்: வேலை

சுமார் 2,000 ஆண்டுகள் பழமையானதாகக் கருதப்படும் சரக சம்ஹிதை, உடம்பைத் தாங்கும் மூன்று தூண்களில் ஒன்றாகத் தூக்கத்தை வைக்கிறது. மற்ற இரண்டு உணவும் பிரம்மச்சரியமும். அதன் சூத்திர ஸ்தானம் 21-வது அத்தியாயத்தில் தூக்கம் ஏன் கெடுகிறது என்பதற்கு ஐந்து காரணங்கள் வருகின்றன: வேலை, காலம், நோய், உடல்வாகு, வாதம்.

கவனிச்சீங்களா? முதலில் நிற்பது வேலை. அமெரிக்க நேரத்து கிளையன்ட் கால் எல்லாம் கற்பனையில்கூட இல்லாத காலத்து நூல் இது. ஆனால் இன்றைய ஆன்லைன் விற்பனை கடைசியில் இருக்கும் வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. 'உங்க வாதம் ஏறிடுச்சு, இந்த மாத்திரை அதைக் குறைக்கும்' என்று சொல்வது எளிது. 'ராத்திரி 11 மணி காலை எடுக்காதீங்க' என்பதைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

அதே அத்தியாயம் தீர்வுகளையும் சொல்கிறது. எண்ணெய் தேய்த்தல், குளியல், உடம்பை இதமாகப் பிடித்துவிடுதல், சம்பா போன்ற நல்ல அரிசிச் சோறு, தயிர், பால், நெய், இறைச்சி ரசம், மனதுக்குப் பிடித்த வாசனையும் சத்தமும், தலைக்கும் முகத்துக்கும் பூச்சு, நல்ல படுக்கை, வசதியான அறை, பழகிய நேரத்தில் படுப்பது, மன நிம்மதி. விழுங்கும் மூலிகைப் பொடி ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. அவை பிற நூல்களிலும் பிற்கால வைத்திய வழக்கிலும் வந்து சேர்ந்தவை.

பட்டியலில் மதுவும் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. 'சரகரே சொல்லிட்டார்' என்று கிளம்பிவிட வேண்டாம். மது சீக்கிரம் கண்ணைச் சொருக வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியில் தூக்கத்தைத் துண்டுதுண்டாக்கும் என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். பழைய நூல் என்பதற்காக எல்லா வரியும் சரியாகிவிடாது.

பாதத்தில் எண்ணெய்: பாட்டி பக்கம் அறிவியல்

எண்ணெய் தேய்க்கும்போது தலை, காது, பாதம் மூன்றையும் விடாதே என்கிறது வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம். நம் வீடுகளிலும் படுக்கும் முன் உள்ளங்காலில் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்த்துவிடும் பாட்டிகள் உண்டு. 'சூடு குறையும்டா' என்பார்கள்.

இந்த இடத்தில் அறிவியல் கொஞ்சம் கிட்ட வருகிறது. தூக்கம் வருவதற்கு முன் உடம்பின் உள் வெப்பம் லேசாக இறங்க வேண்டும். கை, பாதங்களில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து அந்தச் சூட்டை வெளியே விடுகின்றன. பாதம் கதகதப்பாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன் 40 டிகிரியைத் தாண்டிய வெந்நீரில் 10 நிமிடம் குளித்தால் தூக்கம் வர ஆகும் நேரம் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019 கட்டுரை ஒன்றும் சொல்கிறது. 'சூடு குறையும்' என்ற பாட்டி ஏறக்குறைய அதே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

செலவே இல்லாத வழி இது. லேசாகச் சூடுபடுத்திய எண்ணெய், ஐந்து பத்து நிமிடம், அவ்வளவுதான். தேய்த்த காலோடு டைல்ஸ் தரையில் நடக்க வேண்டாம், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நெற்றியில் இளஞ்சூடான எண்ணெயை நூல்போல் விடும் சிரோதாரா, கேரள வைத்தியசாலைகளின் அடையாளம். கோவை, சென்னையிலும் பரவலாகக் கிடைக்கிறது. பதற்றம் குறைகிறது, தூக்கம் மேம்படுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பங்கேற்றவர்கள் மிகக் குறைவு. அரை மணி நேரத்துக்கு மேல் போன் இல்லாமல் கண்ணை மூடிப் படுத்திருப்பதால் வரும் பலன் எவ்வளவு, எண்ணெயால் வரும் பலன் எவ்வளவு என்று பிரிப்பதும் கஷ்டம். காசு இருந்து, பயிற்சி பெற்றவர் செய்தால் பெரிய கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் பேக்கேஜ் வாங்கும் அளவுக்கு ஆதாரமும் இல்லை.

பால், சாதிக்காய், அமுக்கரா

தூக்கம் வரவைக்கும் பொருள்களில் சிறந்தது எருமைப்பால் என்கிறார் சரகர். பசும்பாலைவிட கனமானது, குளிர்ச்சியானது என்பது அவர் கணக்கு. பாலில் உள்ள டிரிப்டோபான் அளவு தூக்கத்தை வரவைக்கப் போதுமா என்பது சந்தேகம்தான். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் சூடான பால் என்பது 'நாள் முடிந்தது' என்று மூளைக்குச் சொல்லும் பழக்கமாக மாறலாம். அந்த இடத்தில் காபி மட்டும் வேண்டாம். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு குடித்த 400 மில்லிகிராம் காஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைத் தின்றது என்று 2013-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. பாலில் சாதிக்காய் சேர்ப்பவர்கள் ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். டீஸ்பூன் கணக்கில் போனால் படபடப்பு, வாந்தி, மாயத்தோற்றம் வரை கொண்டுபோய்விடும்.

இப்போது அஸ்வகந்தா. தமிழில் அமுக்கரா. ஐந்து ஆய்வுகளையும் 400 பங்கேற்பாளர்களையும் சேர்த்துப் பார்த்த 2021 'பிளாஸ் ஒன்' கட்டுரை, இது தூக்கத்தைச் சிறிய அளவில் மேம்படுத்துகிறது என்கிறது. தூக்கமின்மை உள்ளவர்களிடமும், நாளுக்கு 600 மில்லிகிராம் வீதம் எட்டு வாரங்களுக்குக் குறையாமல் எடுத்தவர்களிடமும் பலன் கொஞ்சம் கூடுதல். ஆக, வேலையே செய்யாது என்று ஒதுக்க முடியாது. ஆனால் 'இன்னைக்கு ராத்திரியே தூங்கிடலாம்' என்ற விளம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தவிர, இத்தகைய ஆய்வுகளில் தரப்படுவது அளவு நிர்ணயித்த சாறு. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அமுக்கரா சூரணமோ சுக்கு, மிளகு, ஏலம் எல்லாம் சேர்ந்த சித்த மருந்துக் கலவை. ஒன்றின் முடிவை இன்னொன்றின் மேல் ஒட்ட முடியாது.

'மூலிகைதானே' என்ற நம்பிக்கை

சர்ப்பகந்தா கதையைக் கேளுங்கள். தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் வட இந்தியாவில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்ட வேர் இது. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931-ல் இதைப் பற்றி எழுதினார்கள். மும்பையைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 1949-ல் ரத்த அழுத்தத்துக்கு இது வேலை செய்வதை பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் வெளியிட்டார். 1952-ல் இதிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருள் பிரிக்கப்பட்டு, உலகம் முழுக்க மருந்தானது. கூடவே, எடுத்துக்கொண்ட சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு வருவதாகவும் மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். வேலை செய்யும் அளவுக்கு வலுவான மூலிகைக்குப் பக்க விளைவு தரும் வலுவும் உண்டு.

அஸ்வகந்தா அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் அதை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் இதற்குத் தடையே போட்டது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது, ஏனென்றால் இது தைராய்டு ஹார்மோன் அளவை ஏற்றக்கூடும்.

லேபிளையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஆயுர்வேத மருந்து என்றால் அதற்கான உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். பல கம்மிகளில் இருப்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண். சட்டப்படி அது மருந்தல்ல, உணவு. ஆன்லைனில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2008 அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நைட் ஷிப்ட்காரர்களுக்கு ஒரு கணக்கு

இரவில் விழித்திருப்பது உடம்பை வறட்சியாக்கும், பகலில் தூங்குவது கபத்தைக் கூட்டும் என்பது ஆயுர்வேதத்தின் பொது விதி. ஆனால் விதிவிலக்கும் உண்டு. கோடையில் பகலில் தூங்கலாம். சென்னையின் மே மாதத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஞாயிறு பிரியாணித் தூக்கத்துக்கு மற்ற மாதங்களில் கிடைக்காது.

இரவு முழித்தவர்களுக்கு அஷ்டாங்க ஹிருதயம் தனிக் கணக்கு தருகிறது: விழித்த நேரத்தில் பாதியை மறுநாள் காலை, சாப்பிடுவதற்கு முன் தூங்கிச் சரிக்கட்டு. எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் நாலு மணி நேரம். எப்போதாவது விழிக்க நேர்ந்தவருக்குச் சொன்னது இது. மாதம் முழுக்க நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு நாலு மணி நேரம் போதாது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் இன்றைய பரிந்துரை. காலையில் வந்ததும் ஒரு பகுதி, ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மீதி எனப் பிரிக்கலாம். வீட்டில் இருப்பவர்களிடம் 'இந்த நாலு மணி நேரம் கதவைத் தட்டாதீங்க' என்று சொல்லிவைப்பது எந்தச் சூரணத்தையும்விட உதவும்.

'10 மணிக்குள் தூங்காவிட்டால் பித்த நேரம் ஆரம்பித்துவிடும்' என்ற ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். இரவை மூன்றாகப் பிரித்து முதல் பங்கைக் கபத்துக்கும் நடுப்பங்கைப் பித்தத்துக்கும் கொடுத்தது மட்டும்தான் பழைய நூல்கள். 10 மணி என்ற கடிகார எண் பின்னாளில் ஒட்டியது. 10.20-க்கு 'போச்சு' என்று பதறுவது தூக்கத்தை இன்னும் விரட்டும்.

எப்போது டாக்டர்?

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அதை மருத்துவம் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறது. இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் முதலில் வைத்தது. படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்துவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது போன்றவற்றைப் படிப்படியாகப் பழக்குவார்கள். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளரிடம் கேட்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

சரகரின் பட்டியலில் மூன்றாவது காரணம் நோய் என்பதையும் விட்டுவிடக் கூடாது. பலத்த குறட்டை, மூச்சு முட்டி எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பைக் ஓட்டும்போது கண் சொக்குவது இருந்தால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். அமுக்கராவோ சிரோதாராவோ அதைச் சரிசெய்யாது. மனச்சோர்விலும் முதலில் கெடுவது பெரும்பாலும் தூக்கம்தான்.

ஏற்கெனவே அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள், 'இனி ஆயுர்வேதம்தான்' என்று ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். தூக்கம் முன்பைவிட மோசமாகும். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டரே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் மயக்கம் கூடலாம். ஆயுர்வேத டாக்டரிடம் போனாலும் சரி, அலோபதி டாக்டரிடம் போனாலும் சரி, இப்போது எடுக்கும் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் போனில் போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அந்த கம்மி டப்பா உட்பட.